சாளை வகையில் இருபத்தாறு ரூபாய்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்த சொர்ணம்மாளைப் பற்றி அந்தக் காலத்தில் இரண்டு பேச்சு உண்டு. அவள் கடை அளவில் ஒரு மணி குறையாது என்பது ஒன்று. சைவ வேளாளர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு விதவையானவள் யாருக்கும் தெரியாமல் மீன் தின்கிறாள் என்பது இன்னொன்று. முதல் பேச்சு அவளாகச் சம்பாதித்தது. இரண்டாவது பேச்சு, வருமான வரி ஆபீஸில் யாரோ கவனமில்லாமல் எழுதிய ஒரு வரியிலிருந்து கிளம்பியது.

அவள் புருஷன் நீலகண்ட பிள்ளை பூதப்பாண்டிக்காரர். வலியதுறைக் கடல்பாலத்தில் வந்து இறங்கும் ரங்கூன் அரிசியையும், நாஞ்சில் நாட்டிலிருந்து வண்டியில் வரும் சம்பாவையும் வாங்கி விற்றார். முன்னால் கடை, பின்னால் மூட்டை அடுக்கும் கிட்டங்கி, மேலே மச்சில் குடியிருப்பு. கொல்லம் ஆண்டு 1103-இல், அதாவது கி.பி. 1928-இல், ஒருநாள் மத்தியானம் மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிட்டது. சொர்ணம்மாளுக்கு அப்போது முப்பது வயது. மகள் பிச்சம்மாளுக்கு ஏழு.

வழக்கப்படி அவளைக் கீழே ஓர் அறையில் மூலையில் உட்கார வைத்தார்கள். ஒரு வருஷம் வெளியே முகம் காட்டக்கூடாது. ஜன்னல் இல்லாத அந்த அறைக்கும் கிட்டங்கிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எலிகள் சாக்கைக் கடிக்கும் சத்தம் பகலெல்லாம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டது கொழுந்தன் பகவதிப்பெருமாள். அவருக்குத் தெருக்கோடியில் சொந்தமாகவே ஒரு புளிக்கடை இருந்தது. எலிக்குப் பாஷாணம் வைத்தார். செத்த எலி ஒன்று மூட்டைக்குள்ளேயே கிடந்து, ஒரு ஓட்டல்காரர் பன்னிரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்தக் கடை அரிசியைத் தொட ஆட்கள் யோசித்தார்கள்.

அந்த அறைக்குள் தானாக வந்த ஒரே உயிர் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. வைக்கோல் வண்டியில் வந்ததோ என்னவோ. பலகை இடுக்கு வழியாக நுழைந்து அவள் மடியில் படுத்துக்கொள்ளும். துஷ்டி கேட்க வந்த பெண்கள் அவளைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். இந்தக் குட்டி மட்டும் அழாமல் என்கூட இருந்தது என்று பின்னாளில் அவளே சொல்லியிருக்கிறாள். ஒருநாள் அது இடுக்கு வழியாகப் போய், தன் அளவுக்கு இருந்த ஓர் எலியைக் கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டது. மூன்றாவது மாசம் சொர்ணம்மாள் எழுந்து வெளியே வந்தாள். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டங்கிக் கதவைத் திறந்து மூட்டைகளை எண்ணினாள். முப்பத்தொரு மூட்டை எலிச் சேதம்.

“ஒரு வருஷம் ஆகல்லியே மைனி, ஊர் என்ன சொல்லும்?” என்றார் பகவதிப்பெருமாள்.

“ஊரு ஒண்ணும் சொல்லாம இருந்த மூணு மாசத்துல முப்பத்தொரு மூட்டை போயிருக்கு தம்பி” என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

கணக்குப்பிள்ளை சிவதாணு, நீலகண்ட பிள்ளை காலத்திலிருந்தே இருந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். யாராவது சத்தம் போட்டால் மட்டும் பேச்சு திக்கும். அவரை வைத்துக்கொண்டுதான் அவள் கணக்கும் வியாபாரமும் படித்தாள். பாஷாணத்தை அன்றைக்கே நிறுத்தினாள். வெள்ளைக்குட்டிக்கு வெள்ளச்சி என்று பெயர். அது வளர்ந்து குட்டி போட்டது. சில வருஷத்தில் கிட்டங்கியில் ஐந்து பூனைகள் ஆயின.

முதலில் சோறும் மோரும் ஊற்றிப் பார்த்தாள். பூனைகள் நக்கிவிட்டு மீன் சந்தைப் பக்கம் போய்விட்டன. வலியதுறையிலிருந்து கூடை சுமந்து வரும் அம்மிணிதான் சொன்னாள்: “அம்மே, மீன் மணம் இல்லாத்த வீட்டுல பூச்சை நிக்குமா? எலியைப் பிடிக்க ஒரு இடம், சாப்பிட வேற இடம்னு அது நடந்தே சாகும்.”

சொர்ணம்மாள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஓர் ஏற்பாடு செய்தாள். அம்மிணி காலையில் பின்சந்து வழியாக வரவேண்டும். கிட்டங்கி வாசலில் ஒரு கல் கிடந்தது. அதில் சாளை மீனைப் பங்கு போட்டுவிட்டு, கல்லைக் கழுவிவிட்டுப் போகவேண்டும். வீட்டுக்குள் மீன் வராது, சொர்ணம்மாள் கையும் படாது. தினம் இரண்டு சக்கரம்; அன்றைக்கு இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய்.

அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று சிவதாணு தவித்தார். “சாக்குத் தைக்கச் சணல்னு எழுதிருவோமா அம்மா? நம்ம வீட்டுக் கணக்குல போயி சாளைன்னு எழுத எனக்குக் கூச்சமா இருக்கு.”

“சாளை வாங்கிட்டுச் சணல்னு எழுதினா, நாளைக்குச் சணல் வாங்கும்போது என்னன்னு எழுதுவிய அண்ணாச்சி? உள்ளதை எழுதுங்க.”

அவர் உள்ளதை எழுதினார். வருஷம் தவறாமல் எழுதினார். எலிச் சேதம் வருஷத்துக்கு நாலு மூட்டைக்கு மேல் போகவில்லை.

1113-இல் கடைக்கு நல்ல வருமானம். வரி ஆபீஸிலிருந்து கணக்குப் புத்தகங்களோடு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. சிவதாணு போனார். அங்கே ஒரு குமாஸ்தா பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, “சாளை வகை, இருபத்தாறு ரூபாய் இரண்டு சக்கரம்” என்று உரக்க வாசித்தார். “அரிசிக் கடைக்கு எதுக்கு ஓய் சாளை?”

அறை நிறைய வியாபாரிகள் காத்திருந்தார்கள். “பூனைக்கு” என்று சிவதாணு சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. காத்திருந்தவர்களில் பகவதிப்பெருமாளும் ஒருவர்.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இருந்ததைச் சிவதாணு தமிழில் சொன்னார்: “மீன் வாங்கிய வகை, வீட்டாரின் சாப்பாட்டுச் செலவு. வியாபாரச் செலவாகக் கழிக்க இயலாது.” சொல்லிவிட்டு அவரே சமாதானமும் சொன்னார். “வரி வித்தியாசம் ஒரு ரூபாய்கூட வராது அம்மா. கெட்டிட்டு விட்டிருவோம்.”

சொர்ணம்மாளுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பணத்தைக் கொடுத்தனுப்பினாள். கட்டின கையோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

அந்தச் சமயம் பிச்சம்மாளுக்குக் கோட்டாற்றில் ஒரு வரன் பேசி முடித்திருந்தது. ஆவணியில் நிச்சயதாம்பூலம். ஆடிக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பையனுக்கு இந்த வருஷம் கிரகம் சரியில்லை, மன்னிக்கவேண்டும் என்று இரண்டே வரி. மறுநாள் பகவதிப்பெருமாள் வந்து கடையில் உட்கார்ந்தார்.

“கிரகம் ஒண்ணும் இல்ல மைனி. சர்க்கார் ஆபீஸ் காயிதத்துலேயே எழுதியிருக்காம், இந்த வீட்டுல மீன் திங்காவன்னு. கோட்டாறு வரைக்கும் பேச்சு போயிட்டு. நான் எவ்வளவுதான் மறைக்க முடியும்?”

“நீங்க மறைச்சியளா?”

அவர் பேச்சை மாற்றினார். “கடையை எனக்க பேருக்கு எழுதிட்டு நீங்க பூதப்பாண்டிக்குப் போயிருங்க. பிள்ளைக்க கல்யாணத்தை நான் பொறுப்பா நடத்துகேன். பொம்பள ஒத்தையில இருந்து வியாபாரம் பண்ணினா இப்பிடித்தான் நாலும் வரும்.”

சொர்ணம்மாள் அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். அவர் குடித்துவிட்டுப் போனார். மச்சில் பிச்சம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “அம்மா, நாம ஒண்ணும் செய்யல்லியே” என்று மட்டும் கேட்டாள். சொர்ணம்மாள் கீழே இறங்கி வந்து சிவதாணுவிடம், “நாளைக்கு நான் அந்த ஆபீஸுக்கு வாறேன்” என்றாள்.

அந்த நாளில் விதவைப் பெண் ஆபீஸ் படியேறுவது சாதாரணமில்லை. ஆபீஸர் சேஷய்யர் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் குடியிருப்பவர். கெட்டிக்காரர், கை சுத்தமானவர் என்று பெயர். அவளைக் கண்டதும் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“ஒரு ரூபாய்க்குக் குறைஞ்ச விஷயம்மா. இதுக்காகவா வந்தேள்?”

“ரூபாய்க்கு வரலை சாமி. அதைக் கெட்டியாச்சு. நீங்க எழுதின வார்த்தைக்கு வந்தேன். வீட்டார் சாப்பாடுன்னு எழுதியிருக்கிய. நாங்க சைவம். அந்த ஒரு வார்த்தையால எனக்க மகளுக்கு வந்த கல்யாணம் நின்னு போச்சு.”

சேஷய்யர் காகிதக் கட்டை எடுக்கச் சொல்லி உத்தரவைப் படித்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டு வந்ததில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் முகம் மாறியது. ஆனாலும் சட்டத்தை விடவில்லை.

“வார்த்தை தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா, பூனை வளர்க்கறது அவாவா ஆசைக்கு. ஒருத்தர் கிளி வளர்ப்பார், ஒருத்தர் நாய் வளர்ப்பார். அந்தச் செலவையெல்லாம் வியாபாரத்துல கழிச்சுண்டே போக முடியுமோ?”

“வண்டி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கினா நீங்க கழிக்கிய. மாடு இழுக்கு. பூனை காக்கு.”

“மாடு வண்டியில பூட்டியிருக்கு, கண்ணுக்குத் தெரியறது. பூனை வேலை பண்றதா, படுத்துண்டு தூங்கறதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“வந்து பாருங்க” என்றாள் சொர்ணம்மாள்.

இருபத்தாறு ரூபாய் வகைக்கு ஓர் ஆபீஸர் கடைக்கு வந்து சோதித்தது சாலையில் அதுவரை நடந்ததில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சேஷய்யர் ஒரு பியூனோடு வந்து இறங்கினார். கடைத்தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. கிட்டங்கியில் நான்கு பூனைகள் இருந்தன. நான்கும் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மூட்டைமேல் மல்லாந்து கிடந்தது. சிவதாணு ‘சூ, சூ’ என்று எழுப்பிப் பார்த்தார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

சேஷய்யர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“பகல்ல எந்தக் காவல்காரன் முழிச்சிருப்பான் சாமி?” என்றாள் அவள். பிறகு பத்து வருஷப் பேரேட்டை வரிசையாக அடுக்கி வைத்தாள். பாஷாணம் வைத்த வருஷத்தின் எலிச் சேதத்தைக் காட்டினாள். பூனை வந்த பிறகு உள்ள ஒவ்வொரு வருஷத்தையும் காட்டினாள். சேஷய்யர் மூட்டைகளின் அடிப்பக்கத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக் கிட்டங்கிக்கும் போய் அங்குள்ள சாக்குகளின் அடியைத் தடவினார். ஓட்டை வழியாக அரிசி அவர் கையில் கொட்டியது. அந்தக் கடைக்காரர் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்.

“சரி” என்றார் திரும்பி வந்ததும். “வேலை பண்றதுன்னு ஒத்துக்கறேன். மொத்தம் அஞ்சு பூனைன்னேளே. அஞ்சாவது எங்கே?”

கிட்டங்கியிலிருந்து ஏறும் மச்சுப் படிக்கட்டின் அடியில், மடித்த பழைய சேலைமேல் வெள்ளச்சி படுத்திருந்தது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. முன்கால் ஒன்றை ஊன்ற முடியாது. அதன் முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மீன் உதிர்த்துப் போட்டிருந்தது. அம்மிணிதான் முள் எடுத்து வைப்பாள்.

சிவதாணு முந்திக்கொண்டார். “இதும் கிட்டங்கிப் பூனைதான் ஐயா. கொஞ்ச நாளா சுகமில்ல.”

“இல்ல” என்றாள் சொர்ணம்மாள். “இது எலி பிடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே பிடிக்காது. இது எனக்க பூனை.”

சிவதாணு தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் எதற்காக இத்தனை தூரம் வந்தாளோ அதையே தன் வாயால் கெடுத்துக்கொள்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுச் செலவில் மீன் என்று மறுபடியும் எழுதப்போகிறார்கள்.

சேஷய்யர் அந்தப் பூனையைக் குனிந்து பார்த்தார். “நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நான் மேற்கொண்டு கேட்டிருக்கமாட்டேன்” என்றார்.

“தெரியும். அஞ்சுல ஒரு பங்கை வெட்டிருங்க. ஆனா யாருக்குன்னு தெளிவா எழுதிருங்க.”

புது உத்தரவைச் சேஷய்யர் தன் கையாலேயே எழுதினார். நான்கு பூனைகளுக்கான இருபது ரூபாய் இருபத்து நாலு சக்கரம், தானியத்தைக் காப்பதற்கான வியாபாரச் செலவு என்று ஏற்கப்படுகிறது. மீதி ஐந்து ரூபாய் ஆறு சக்கரம், உழைத்து ஓய்ந்த ஒரு கிழப்பூனையை அன்பு காரணமாகப் பராமரிக்கும் சொந்தச் செலவு. கழிக்க இயலாது. வீட்டார் சைவ உணவுக்காரர்கள் என்று விசாரணையில் தெரிகிறது. முந்தைய வாசகம் பிழை.

அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு சிவதாணு அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. அரிசிக் கடை, துணிக்கடை, இரும்புக் கடை என்று சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் நின்று அதைத் தமிழில் வாசித்தார். கடைசியாகப் பகவதிப்பெருமாளின் புளிக்கடை. அங்கே இரண்டு இடத்தில் திக்கினாராம், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினார். அன்றைக்கு வரி ஆபீஸில் உரக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருந்துவிட்டோம் என்பது அவரை அத்தனை நாளும் அரித்திருக்கிறது.

மறு வருஷம் சேஷய்யருக்கு ஒரு தொல்லை முளைத்தது. சாலையில் பதினொரு கடைக் கணக்கில் பூனைச் செலவு ஏறியிருந்தது. அதில் ஒன்று பாத்திரக் கடை. “பித்தளையை எந்த எலி ஓய் தின்னும்?” என்று அவர் கேட்டதைச் சாலையில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் காகிதம் எல்லாவற்றையும் திருப்பித் தரவில்லை. கோட்டாற்றுக்காரர்கள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். பேச்சும் முழுக்க நிற்கவில்லை. ‘பூனைக்குன்னு ஒரு சாக்கு’ என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வருஷம் எந்த வரனும் வரவில்லை. சொர்ணம்மாள் வாய்விட்டுக் குறைப்பட்டதில்லை. ராத்தூக்கம் போய், கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அம்மிணியே ஒருநாள், “நான் இனி வர வேண்டா அம்மே, என் கூடை நாத்தமாக்கும் பிள்ளைக்கு எதிரா நிக்குது” என்றாள். “நீ வராட்டா மட்டும் பேசாம இருப்பாங்களா? நாளைக்கும் வா” என்றாள் சொர்ணம்மாள்.

1115 தையில், தக்கலையிலிருந்து சரஸ்வதியம்மாள் என்று ஒருத்தி பெண் பார்க்க வந்தாள். அவள் மகன் அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கூடவந்த ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் நேரே அடுக்களைக்கு வந்துவிட்டாள். பருமனான உடம்பு, மூச்சு வாங்கியது. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“ஒண்ணு கேப்பேன், கோவப்படப்பிடாது. வெளியில ஒரு பேச்சு கேட்டேன். மீன் வாங்குகது உண்டா?”

உத்தரவுக் காகிதம் மரப்பெட்டியில் இருந்தது. சொர்ணம்மாள் அதை எடுக்கவில்லை. “உண்டு” என்றாள். “வாங்க, காட்டுகேன்.”

படிக்கட்டின் அடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளச்சிக்கு அப்போது இரண்டு கண்ணும் தெரியாது. ஆள் வாசனைக்குத் தலையைத் தூக்கி, ஒரு சின்னச் சத்தம் போட்டது. சரஸ்வதியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள். 

“எங்க தொழுத்துல ஒரு பசு நிக்கு” என்றாள். “கறவை நின்னு ஏழு வருஷம் ஆச்சு. பையனுக்க அப்பா இருந்த காலத்துல வாங்கினது. வித்திருன்னு எல்லாரும் சொல்லுகாவ. எப்பிடி விக்க?”

சொர்ணம்மாள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். புருஷன் செத்த பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வேறொருத்தி முன்னால் அழுதாள். சரஸ்வதியம்மாள் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, “பிள்ளையைக் கூப்பிடுங்க, நான் பாக்கட்டும்” என்றாள்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. பகவதிப்பெருமாள் சித்தப்பா முறைக்கு வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். சொர்ணம்மாளும் அவருக்குச் செய்யவேண்டிய மரியாதையைக் குறைக்கவில்லை. பிச்சம்மாள் தக்கலைக்குப் போனாள். அங்கே அவளுக்கு நல்ல வாழ்க்கை அமைந்தது.

1117-இல் யுத்தத்தினால் ரங்கூன் அரிசி வருவது நின்றது. கிட்டங்கி பாதி காலியாகி, பிறகு முழுக்கக் காலியானது. சொர்ணம்மாள் கடையை ஒரு நூல் வியாபாரிக்கு வாடகைக்குக் கொடுத்தாள். மகள் எத்தனையோ கூப்பிட்டும் தக்கலைக்குப் போகாமல், அந்த மச்சிலேயே இருந்து யாருக்கும் கணக்குக் காட்டவேண்டாத தன் நாட்களை நிம்மதியாகக் கழித்தாள்.